கார் ஷெட் சுவரில் மரம் அடுக்கும் ரேக்: முதன்முறை செய்பவர்களுக்கு

ஆடிக் காற்றில் தோட்டத்து வேம்பு ஒன்று சாய்ந்துவிட்டால், அதை விறகுக்குக் கொடுக்க மனம் வராமல், அறுவை மில்லுக்கு ஏற்றி அனுப்பிப் பலகையாக அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது கொங்குப் பகுதியில் இன்றும் பல குடும்பங்களில் நடக்கிறது. பலகை வந்து இறங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. பழைய ஓட்டு வீடுகளில் இதற்கு அட்டாலி இருந்தது, தோட்டத்துச் சாளையில் தாழ்வாரம் இருந்தது. கோவையிலோ திருப்பூரிலோ மூன்று சென்ட் மனையில் கட்டிய வீட்டில் மிஞ்சுவது கார் ஷெட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டுமே. பொழுதுபோக்காகத் தச்சு வேலை பழகுகிறவர்கள் அந்தச் சுவரில் எட்டடிப் பலகைகளையும் ரீப்பர்களையும் பாதுகாப்பாக அடுக்கி வைப்பதற்கான ரேக் ஒன்றைத் தாமே செய்துகொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். துளையிடும் இயந்திரமும் கைரம்பமும் பிடிக்கத் தெரிந்தவர் இரண்டு விடுமுறை நாட்களில் இதை முடித்துவிடலாம்.

எடை எங்கே இறங்க வேண்டும்

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். காய்ந்த தேக்கு ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 18 முதல் 19 கிலோ எடை இருக்கும், வேம்பு அதைவிடச் சற்றுக் கூடும், அறுத்த கையோடு வரும் பச்சை மரமோ ஒன்றரை மடங்கு வரைகூடப் போகும். எட்டடி நீளம், ஓரடி அகலம், அரையடி உயரத்துக்கு ஒரு தட்டில் பலகை அடுக்கினால் அது 4 கன அடி, அதாவது காய்ந்த தேக்கிலேயே சுமார் 75 கிலோ. அப்படி நான்கு தட்டுகள் என்றால் 300 கிலோ, ஆறு சிமெண்ட் மூட்டைகளின் எடை. இந்த ஆறு மூட்டைகளையும் எதன் தலையில் ஏற்றப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே மரத்தை அறுக்க வேண்டும்.

கடையில் விற்கும் இரும்பு பிராக்கெட்டைச் சுவரில் முடுக்கி அதன்மேல் அடுக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் கார் ஷெட்டின் சுவர், உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கில் கட்டியது என்பதையும், பிளாஸ்டிக் பிளக் கடிப்பது அந்தப் பிளாக்கின் ஓர் அங்குல கனமுள்ள வெளிப்புறத்தை மட்டுமே என்பதையும் நான் யோசிக்கவில்லை. ஐப்பசி மழை நாளின் இரவில் இரண்டு பிராக்கெட்டுகள் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்து, நான்கு வேப்பம் பலகைகள் ஸ்கூட்டரின் இருக்கையைக் கிழித்துக்கொண்டு விழுந்தன. அங்கே அந்த நேரத்தில் யாரும் நிற்காதது எங்கள் நல்ல காலம்.

பிராக்கெட் பிடுங்கிக்கொள்வதற்கான காரணம் எளிது. ஒரு தட்டின் 75 கிலோவை நான்கு பிராக்கெட்டுகள் தாங்கினால், ஒவ்வொன்றின் மேலும் சுமார் 19 கிலோ கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த எடை சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்பதாலும், பிராக்கெட்டின் மேல் திருகாணிக்கும் கீழ் முனைக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறக்குறைய அதே அரையடிதான் என்பதாலும், அந்த மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசையும் ஏறக்குறைய 19 கிலோவாக ஆகிவிடுகிறது. ஒருவர் பலகையின் முனையைப் பிடித்து இழுக்கும்போது இது பல மடங்காகும். ஆனால் தரையிலிருந்து லிண்டல் வரை நீண்ட மரக்கால்களை நிறுத்தி, அவற்றிலிருந்து பலகையைத் தாங்கும் கைகளை நீட்டினால் கணக்கே மாறிவிடும். 300 கிலோவும் கால் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடும், கால்கள் முன்னால் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே சுவரின் வேலையாகும். எடையின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 10 அங்குலத்திலும் மேல் பிடிப்பு 87 அங்குல உயரத்திலும் இருந்தால், நான்கு கால்களுக்கும் சேர்த்து மேலே உண்டாகும் இழுப்பு 35 கிலோவுக்குள் அடங்கும், கால் ஒன்றுக்கு 9 கிலோகூட வராது. ஆகவே எடையைத் தரைக்கு இறக்குவோம், சுவரை ஒரு பிடிமானமாக மட்டும் வைத்துக்கொள்வோம். இனி வரும் அளவுகளெல்லாம் இதையொட்டியே அமைந்தவை.

மேல் பிடிப்பை 87 அங்குலத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் கதவு, ஜன்னல்களின் மேல் ஏழடி உயரத்தில் லிண்டல் ஓடுகிறது, பல வீடுகளில் அது சுவர் முழுவதையும் சுற்றி வரும் கான்கிரீட் பட்டையாகவே போடப்பட்டிருக்கும். சுவர் ஹாலோ பிளாக்காக இருந்தாலும், நாலரை அங்குலச் செங்கல்லாக இருந்தாலும், அந்தக் கான்கிரீட்டில் முடுக்கிய ஆங்கர் போல்ட் அசையாது. உங்கள் சுவரில் லிண்டல் பட்டை ஓடுகிறதா என்பதை வீடு கட்டிய மேஸ்திரியிடம் கேட்டுவிடுங்கள், அல்லது மறைவான இடத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள். செங்கல் தூள் சிவப்பாகவும் கான்கிரீட் தூள் சாம்பல் நிறமாகவும் வரும். ஹாலோ பிளாக் தூளும் சாம்பல் நிறமே என்றாலும், பிட் திடீரென்று வெற்றிடத்துக்குள் பாய்வதிலிருந்து அதை அறிந்துகொள்ளலாம். பட்டை இல்லாத பிளாக் சுவராக இருந்து, மறுபுறமும் உங்கள் இடமாகவே இருந்தால், நெடுக மறையுள்ள கம்பியான திரெட் ராடை ஊடுருவ விட்டு மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட் போடுவதே சரியான வழி.

மரமும் சாமான்களும்

கால்களுக்கு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் கொண்ட சட்டம் ஏழரை அடி நீளத்தில் நான்கு வேண்டும். புதிய தேக்கு வாங்கத் தேவையில்லை. பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்த சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் தேக்கு, வேங்கைச் சட்டங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. பல பத்தாண்டுகள் கூரையில் கிடந்து காய்ந்த மரம் இனி முறுக்கிக்கொள்ளாது. ஒரு காந்தத்தை நெடுக நகர்த்திப் பார்த்து, புதைந்துள்ள ஆணிகளை எல்லாம் பிடுங்கிய பிறகே ரம்பத்தை வைக்க வேண்டும். பழைய பனங்கைகளும் அங்கே மலிவாகக் கிடைக்கும். அவற்றின் வைரம் இரும்பு போன்றதுதான், ஆனால் துளை போடுவதற்குள் பிட் கருகிவிடும், உள்பக்கமோ சோறு போல் இருக்கும் என்பதால் போல்ட் போட வேண்டிய இந்த வேலைக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தென்னைச் சட்டத்துக்கும் இதே குறை உண்டு. நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக், நேராகவும் நன்கு காய்ந்ததாகவும் இருந்தால் போதுமானது. எந்த மரமானாலும் வெளிறிய வெள்ளைப் பகுதியைத் தவிர்த்து, சேகு எனப்படும் உள்வைரம் உள்ள சட்டமாகப் பார்த்து எடுக்க வேண்டும், வண்டு துளைப்பது பெரும்பாலும் அந்த வெள்ளையில்தான். மரங்களை இனம் காணப் பழக விரும்புகிறவர்கள், கோவை வன வளாகத்தில் 1902-இல் தொடங்கப்பட்ட கேஸ் வன அருங்காட்சியகத்தின் மர மாதிரிகளை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வரலாம். மரக்கடையில் ஏமாறாமல் இருக்க அது உதவும்.

கைகளுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் பயன்படுத்துவதே என் விருப்பம். தனி மரத்தில் செய்த கை, போல்ட் துளையின் வழியாக நார்போக்கில் பிளந்துவிடக் கூடும், நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட பிளைவுட் அப்படிப் பிளக்காது. கார் ஷெட்டில் சாரலும் ஈரமும் வரும் என்பதால் ஐ.எஸ். 303 முத்திரையுள்ள, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். எட்டுக்கு நான்கு அளவுள்ள தாளில் பாதி, அதாவது எட்டுக்கு இரண்டு போதும்.

இவற்றோடு 10 மில்லிமீட்டர் கனமும் 110 மில்லிமீட்டர் நீளமும் உள்ள போல்ட்டுகள் 32, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாஷர், ஒரு நட் வேண்டும். சுவரில் பிடிக்க எட்டு எல் ஆங்கிள் துண்டுகள் தேவை. ஒன்றரை அங்குல ஆங்கிளை மூன்று அங்குல நீளத்துக்கு வெட்டித் துளையிட்டுத் தருவது எந்த வெல்டிங் பட்டறைக்கும் பத்து நிமிட வேலை, அதற்குப் பஞ்சமில்லாத ஊர்களில்தான் நாம் இருக்கிறோம். கால்களுக்கு அடியில் வைக்க நான்கு கடப்பைக் கல் துண்டுகளும் வேண்டும்.

அறுப்பதும் துளையிடுவதும்

பிளைவுட்டை 15½ அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ள 16 செவ்வகங்களாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செவ்வகத்திலும் ஒரு முனையில் 5 அங்குலத்திலும் மறுமுனையில் 2 அங்குலத்திலும் புள்ளி வைத்துச் சாய்வாகக் கோடிட்டு அறுத்தால், அடி பருத்து நுனி சிறுத்த ஒரே அளவுள்ள இரண்டு கைத்துண்டுகள் கிடைக்கும். மொத்தம் 32 துண்டுகள். காலின் இரு பக்கமும் ஒவ்வொரு துண்டாக அணைத்துப் போல்ட் போட்டால் அது ஒரு கை. நான்கு கால்களில் நான்கு தட்டுகளுக்கு 16 கைகள் அமையும். பிளைவுட் அறுக்கும்போது எழும் தூள் பசை கலந்தது, முகக்கவசம் இல்லாமல் அறுக்காதீர்கள்.

கால்களில் கைகளின் இடத்தைக் குறிக்கும்போது புதியவர்கள் தரையிலிருந்து அளக்கிறார்கள், இது தவறு. கார் ஷெட்டின் தரை, கழுவிய தண்ணீர் வாசல் பக்கம் ஓடுவதற்காக வாட்டம் கொடுத்தே போடப்பட்டிருக்கும். தரையிலிருந்து அளந்தால் எல்லாக் கைகளும் அந்த வாட்டத்தையே பின்பற்றும். எனவே நான்கு சட்டங்களையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, தலைப்பகுதிகளை ஒரே கோட்டில் சேர்த்து, மூலைமட்டம் வைத்து நான்கிலும் ஒரே மூச்சில் குறுக்குக் கோடு இழுக்க வேண்டும். தலையிலிருந்து 24, 38, 54, 72 அங்குலங்களில் கைகளின் மேல்விளிம்பு வரும்படி நான் வைத்துக்கொண்டேன். இதனால் கீழ்த்தட்டு தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடியிலும், மேல்தட்டு ஐந்தரை அடியிலும் அமைகிறது. கனமான பலகை கீழே இரண்டு தட்டுகளிலும், ரீப்பரும் மெல்லிய துண்டுகளும் மேலேயும் போகட்டும். இதற்கும் மேலே தூக்க வேண்டிய தட்டு எதையும் நான் வைக்கவில்லை, அங்கே ஏறிய மரம் பிறகு இறங்குவதே இல்லை.

ஒவ்வொரு கைக்கும் இரண்டு போல்ட்டுகள். மேல் போல்ட்டை முன்பக்கம், அதாவது கைத்துண்டின் பின் விளிம்பிலிருந்து 2¾ அங்குலமும் மேல்விளிம்பிலிருந்து 1¼ அங்குலமும் உள்ள இடத்திலும், கீழ் போல்ட்டைப் பின்பக்கம், அதாவது பின் விளிம்பிலிருந்து 1¼ அங்குலமும் மேல்விளிம்பிலிருந்து 3½ அங்குலமும் உள்ள இடத்திலும் போட வேண்டும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே கோட்டில் போட்டால் இரு துளைகளும் காலின் ஒரே நாரில் அமைந்து, அந்த நாரின் வழியாகவே கால் பிளக்கத் தொடங்கும்.

துளையிடும் வரிசையும் முக்கியம். இப்போது மேல் துளையை மட்டும் போடுங்கள். கைத்துண்டுகளை நான்கு நான்காக அடுக்கிக் கிளாம்ப் போட்டு ஒன்றாகத் துளைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் அமையும். போல்ட்டின் கனத்தைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிட் இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் மரம் உப்பும்போது போல்ட் இறுகிக்கொள்ளாமல் இருக்க அந்த இடம் தேவை. கீழ்த் துளையைக் கால்களை நிறுத்திய பிறகு போடுவோம்.

நிறுத்துவது

எந்தச் சுவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரை முன்னோக்கி உள்ளே விடுகிறவர்களுக்கு இடப்பக்கச் சுவரே ஏற்றது. ஓட்டுநர் இறங்குவது வலப்பக்கம் என்பதால், இடப்பக்கம் ஒன்றரை அடி இடத்தை ரேக் எடுத்துக்கொண்டாலும் தொந்தரவில்லை. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் மின்குழாய் ஓடும், அந்தக் கோட்டில் துளை போடக் கூடாது.

கால்களுக்கு இடையே இரண்டடி இடைவெளி விடுங்கள். மூன்றடி விட்டால் ஒரு கால் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் தாங்கும் புள்ளிகளுக்கிடையிலான தூரம் இரட்டித்தால் பலகை தன் எடையால் தொய்வது 16 மடங்காகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அரை அங்குல ரீப்பர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டடியே அதிகம்தான்.

லிண்டல் பட்டையின் நடுவில், டியூப் லெவல் பிடித்து இரு முனைகளிலும் குறியிட்டு, நூலில் சுண்ணப்பொடி தடவிச் சுண்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் அந்தத் தண்ணீர்க் குழாய் மூன்றடி ரசமட்டத்தைவிட நம்பகமானது. ஒவ்வொரு காலின் தலையும் இந்தக் கோட்டுக்கு மேல் 3 அங்குலம் நிற்க வேண்டும். அதற்கேற்பக் கடப்பைக் கல்லை அடியில் வைத்து, அந்தந்த இடத்துத் தரைக்கு ஏற்றபடி காலின் அடிப்பகுதியை மட்டும் அறுத்துக் குறையுங்கள். வாட்டத்தால் நான்கு கால்களும் நான்கு நீளத்தில் அமையும், அதுதான் சரி. கல் எதற்கு என்றால், கார் கழுவிய தண்ணீர் மரத்தின் வெட்டுமுகத்தில் ஏறாமல் இருக்கவும், கரையான் ஏறினால் கண்ணில் படவும்தான். இதே காரணத்துக்காகக் காலைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் முக்கால் அங்குலம் விலக்கி நிறுத்துங்கள். அடிப்பக்கம் சுவரை நோக்கித் தள்ளப்படும் என்பதால், அங்கே மட்டும் மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்றை இடைவெளியில் செருகிவையுங்கள். கரையானின் மண் கோடு அந்த இடைவெளியில் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும், ஒட்டி வைத்த மரத்திலோ உள்ளே பாதி தின்ற பிறகே தெரியும்.

ஒவ்வொரு காலையும் இரண்டு ஆங்கிள் துண்டுகளால் பிடியுங்கள், ஒன்று லிண்டலில், மற்றொன்று மூன்றடி உயரத்தில். ஆங்கிள் காலின் பக்கவாட்டில் வருவதால், கைத்துண்டுகள் அமரும் இடத்தைத் தவிர்த்துப் பொருத்த வேண்டும். ஹேமர் டிரில்லில் ஆங்கருக்கு உரிய பிட்டைப் போட்டு, சொல்லியிருக்கும் ஆழத்துக்குத் துளைத்து, உள்ளே இருக்கும் தூளை ஊதி வெளியேற்றிய பிறகே ஆங்கரை இறக்க வேண்டும். தூளோடு இறக்கிய ஆங்கர் சுற்றிக்கொண்டே இருக்கும், கடிக்காது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஊதும்போது தூள் நேரே கண்ணுக்கே வரும். கால் நேராக நிற்கிறதா என்பதை முன்பக்கமும் பக்கவாட்டிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த பிறகு இறுக்குங்கள்.

இனி கைகள். எல்லாக் கைகளையும் மேல் போல்ட்டால் மட்டும் தளர்வாக மாட்டுங்கள். இரு ஓரக் கால்களில், ஒரு தட்டின் கை நுனி அதன் அடியைவிட அரை அங்குலம் உயர்ந்து நிற்கும்படி கிளாம்ப் போட்டுப் பிடித்து, கீழ்த் துளையைக் கையையும் காலையும் சேர்த்து ஊடுருவித் துளைத்துப் போல்ட்டை மாட்டுங்கள். அந்த அரை அங்குல ஏற்றம் இருந்தால் அடுக்கிய மரம் சுவர்ப் பக்கமே சாய்ந்து கிடக்கும், வண்டி அதிர்விலும் முன்னால் வழுக்காது. பிறகு ஓரக் கைகள் இரண்டின் நுனிகளுக்கும் இடையே நூலை இறுகக் கட்டி, நடுக் கைகள் இரண்டும் அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்துத் துளைக்க வேண்டும். இதில் பொறுமை காட்டுங்கள். காய்ந்துகொண்டிருக்கும் பலகை தான் கிடக்கும் படுக்கையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். ஒரு கை கால் அங்குலம் தாழ்ந்திருந்தால், அடுத்த ஆண்டு இழைப்புளி பிடிக்கும்போது அந்தக் கால் அங்குலத்தைச் சீவித் தள்ள வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு கையின் இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கும் நடுவே நுனியில் காலின் கனமுள்ள மரக்கட்டை ஒன்றை வைத்துத் திருகுங்கள். அது துண்டுகள் அகன்றுவிடாமல் பிடிப்பதோடு, மேல்விளிம்புக்கு அரை அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பலகை உருளாமல் தடுக்கும் முட்டாகவும் இருக்கும். தலை உயரத்தில் வரும் நுனிகளை உப்புத்தாளால் உருட்டி, பளிச்சென்ற நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். மரத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு கைமேல் 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் நுனி இறங்கியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அடுக்குவது

பச்சைப் பலகையாக இருந்தால், ஒவ்வொரு வரிசைக்கும் இடையே அரை அல்லது முக்கால் அங்குல ரீப்பர் துண்டுகளைக் கைகளுக்கு நேர் மேலே, ஒன்றன்மேல் ஒன்று அமையும்படி வையுங்கள். பலகையின் இரு வெட்டுமுகங்களிலும் பழைய பெயிண்டையோ மெழுகையோ பூசிவிட்டால் முனை வெடிப்பது பெருமளவு குறையும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று மரம் காய்வதற்கு உதவி என்றாலும், அது நேராக அடிக்கும் ஷெட்டில் பலகை ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வளையும். அங்கே ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிடுவது நல்லது. ஆனைமலை, தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாரலைத் தடுக்கவும் அது பயன்படும். மரம் காய்ந்துவிட்டதா என்பதை அறியக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு பலகையை மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைத் தேதியோடு அதன் முனையிலேயே சாக்பீஸால் எழுதி வாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் எடை குறையாமல் நின்றுவிட்டால் அந்தப் பலகையை வேலைக்கு எடுக்கலாம்.

மாசி, பங்குனி வெயிலில் கால்கள் சுருங்குவதால் நட்டுகள் தளரும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு 32 நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்குவதற்கு அரைமணி நேரம் ஆகும், அப்போதே கால்களுக்குப் பின்னால் டார்ச்சும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.